ஆட்கள் தேவை

தீபாவளி முடிந்த வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கிளம்பும்போது ஓர் எவர்சில்வர் டப்பா நிறைய முறுக்கைத் திணித்துக் கையில் கொடுத்தாள். கோயமுத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டபோது டப்பாவின் அடிப்பக்கம் விரலில் நெருடியது. மூடியை அழுத்திப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. அக்காவின் பெயர், அதன் கீழே ‘எட்டாம் வகுப்பு, முதல் பரிசு’. நாற்பது வருஷம் சாம்பலிலும் சபீனாவிலும் தேய்ந்தும் எழுத்து போகவில்லை. கருமத்தம்பட்டி தாண்டும்வரை அதைத் தடவிக்கொண்டே வந்தேன்.

அக்கா என்றால் பெரியம்மா மகள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

வெளியூர்க்காரர்களுக்குத் திருப்பூர் என்றால் பனியன். அனுப்பர்பாளையத்துக்காரர்களுக்கு முதலில் பாத்திரம், அப்புறம்தான் பனியன். செம்பு, பித்தளை, பின்னால் வந்த எவர்சில்வர் என்று குடமும் அண்டாவும் தவலையும் எங்கள் தெருப் பட்டறைகளில் உருவாகித்தான் ஊர் ஊராகப் போகும். பொழுது விடிந்தால் சுத்தியல் சத்தம். வெளியூரிலிருந்து வருகிற உறவுக்காரர்கள், “இந்தச் சத்தத்துல புள்ளைங்க எப்பிடீங் படிக்குது?” என்று கேட்பார்கள். எங்களுக்கு அது நின்றால்தான் என்னவோ போல் இருக்கும். கூலி உயர்வு கேட்டுப் பட்டறைகள் நிற்கும் நாள்களில் அப்பாக்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். அம்மாக்கள் யாரோடும் பேசமாட்டார்கள்.

அந்தக் காலத்தில் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோகிற வழக்கமில்லை. சீர்ப் பாத்திரமென்றால் பெண்ணின் பெயர், அன்பளிப்பென்றால் கொடுத்தவர் பெயர். விசேஷ வீட்டுக்கு இரவல் போன போசி திரும்பி வரும்போது யாருடையது என்ற சண்டை வராமல் இருக்கவும் அதுதான் வழி. எங்கள் தெருமுனையில் பேர் வெட்டுகிற பெரியவர் ஒருவர் இருந்தார். சின்ன உளி, சின்னச் சுத்தியல், மூக்கு நுனியில் கண்ணாடி. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, சீட்டைப் பார்த்து அப்படியே வெட்டுகிறார் என்று சொல்வார்கள். நான் நம்பியதில்லை. சீட்டில் இருக்கும் எழுத்துப்பிழையைத் திருத்தியல்லவா வெட்டுவார்!

பள்ளிக்கூட ஆண்டுவிழாப் பரிசுகளும் அவரிடம்தான் வரும். டம்ளர், டப்பா, தூக்குப்போசி. யாருக்கு எந்தப் பரிசு என்பது ஹெட்மாஸ்டர் மேடையில் வாசிப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். நாங்கள் கோலிக்குண்டு விளையாடுகிற சாக்கில் அவர் கடை முன்னால் நிற்போம். “அப்புச்சி, எங்க பேரு இருக்குதுங்களா?” “போயிப் படிங்கடா, போங்க.” அக்கா வந்து நின்றால் மட்டும் ஒன்றும் பேசமாட்டார். ஒரு டப்பாவை எடுத்து அவள் பக்கமாகக் குப்புறக் கவிழ்த்து வைப்பார். அவள் சிரித்துக்கொண்டே ஓடிவந்துவிடுவாள்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

எங்கே தொடங்கியது என்று இன்று யோசித்தாலும் எதையும் சுட்ட முடியவில்லை. வீட்டில் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. காலையில் வயிற்றுவலி வரும், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரத்துக்கு வரும், மணி அடித்துவிட்டால் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வராது. இந்தக் கணக்கு வீட்டில் எல்லோருக்கும் பிடிபட்டிருந்தது. அவள் நடிக்கிறாள் என்பதற்குச் சாட்சியாகத்தான் பிடிபட்டிருந்தது. பெரியம்மா ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள் என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு டானிக் எழுதிக் கொடுத்தார். டானிக் இனிப்பாக இருந்தது. பாதியை நான்தான் குடித்தேன்.

ராத்திரியில் அவள் தூங்கவில்லை. பரீட்சைக் காலத்தில் நானும் அவளோடு போய்ப் படுத்துக்கொள்வேன், அதனால் தெரியும். விளக்கை அணைத்த பிறகும் போர்வைக்குள் உதடு அசைந்துகொண்டிருக்கும். விடிகாலையில் எழுந்து பார்த்தால் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். நேற்றுப் பார்த்த அதே பக்கம். பேச்சு குறைந்துபோயிற்று, கேட்டால் எரிந்து விழுவாள். அழுதிருந்தால்கூட யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். எரிந்து விழுகிற பெண்ணின் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? பிறந்ததிலிருந்து கேட்ட சுத்தியல் சத்தம் அவளுக்குத் தாங்கவில்லை. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படித்தாள்.

காலாண்டில் மார்க் இறங்கியது. அரையாண்டில் கணக்கில் பெயில். ராங்க் கார்டில் பெரியப்பா கையெழுத்துப் போடும்போது நான் அங்கே இருந்தேன். அவர் மூன்று முறை பெயரைச் சரிபார்த்தார், வேறு யாருடைய கார்டோ மாறி வந்துவிட்டது போல. பள்ளிக்கூடத்தில், “நல்லாப் படிச்ச புள்ளைக்குக் கவனம் வேற எங்கியோ போயிருச்சு” என்றார்கள். வயசுப் பெண்ணைப் பற்றி அப்படிச் சொன்னால் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெரியம்மா அவள் புத்தகப் பையைக் கொட்டித் துழாவிப் பார்த்தாள். கடிதம் எதுவும் கிடைக்கவில்லை.

ஒருநாள் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது அக்கா என்னிடம் சொன்னாள்: “கேள்வித்தாளப் பாத்தா எழுத்தெல்லாந் தெரியுது புள்ள. படிச்சுக்கூடப் போடறேன். என்ன கேக்கறாங்கன்னுதான் மண்டைக்குள்ள வர மாட்டீங்குது. அதுக்குள்ள சுத்தீலும் எல்லாரும் எழுத ஆரம்பிச்சர்றாங்க. பேனாச் சத்தம் மட்டும் கேட்டுட்டே இருக்குது.” எனக்கு அப்போது பதினொரு வயது. பிற்பாடு இந்த விஷயத்தைப் பற்றி எத்தனையோ படித்துவிட்டேன். இதைவிடத் தெளிவாகச் சொன்னவர்கள் குறைவு.

எஸ்.எஸ்.எல்.சி. பொதுத்தேர்வில் தமிழ் எழுதினாள். இங்கிலீஷ் அன்று பள்ளிக்கூட வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிட்டாள். தெருவே வந்து எட்டிப் பார்த்தது. பெரியப்பா அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. “செரி உடு. கம்பெனி இருக்குதல்ல” என்றார்.

ராஜீவ் காந்தி பிரதமராக இருந்த காலம் அது. திருப்பூரில் ஏற்றுமதி சூடுபிடித்திருந்தது. கம்பெனி கேட்டுகளில், மின்கம்பங்களில், டீக்கடைப் பலகைகளில் எங்கே பார்த்தாலும் ‘ஆட்கள் தேவை’. கீழே சிங்கர், ஓவர்லாக், பிளாட்லாக், செக்கிங், கைமடி என்று வரிசையாக எழுதியிருக்கும். எங்கள் பள்ளிக்கூட மதிலுக்கு நேரெதிரில்கூட அப்படியொரு போர்டு இருந்தது. வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தால் கரும்பலகைக்கு முன்னால் அது கண்ணில் படும். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 14 வயது நிறைந்தவர்களை அது தொடவில்லை. அக்காவுக்கு 15.

கைமடியாகச் சேர்ந்தாள். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துண்டுகளை அடுக்கி, எடுத்துக் கொடுத்து, தைத்து வந்ததை மடித்து வைக்கிற வேலை. முதல் சனிக்கிழமைச் சம்பளத்தில் எனக்கு ரிப்பன் வாங்கி வந்தாள். வயிற்றுவலி நின்றுவிட்டது. “பாத்தீங்களா, படிப்புத்தான் ஒத்துக்குல” என்று பெரியம்மா எல்லோரிடமும் சொன்னாள். முதல் பரிசு வாங்கிய பெண்ணுக்கு ஒரே வருஷத்தில் படிப்பு எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை.

இதைத்தான் நான் இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேறோர் ஊரில் பத்தாவது பாதியில் நின்ற பெண் வீட்டில் உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்கள் போகிறவர்கள், “ஏன் சும்மா இருக்கா?” என்று கேட்பார்கள். கேட்கக் கேட்க, யாராவது ஒருவருக்குச் சந்தேகம் தட்டியிருக்கலாம். எங்கள் ஊரில் சும்மா இருக்கிற பிள்ளை என்று ஒன்று கிடையாது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் காணாமல் போன பிள்ளை செவ்வாய்க்கிழமை கம்பெனி வேனில் இருக்கும். என் வகுப்பில் ஒரு பையனுக்குப் பரீட்சை ஹாலில் உள்ளங்கை வேர்த்து விடைத்தாள் நனைந்து கிழியும். அவன் சாயப்பட்டறைக்குப் போனான். வாய்விட்டுப் பாடம் ஒப்பிக்கச் சொன்னால் மூச்சுத் திணறிய ஒருத்தி செக்கிங்குக்குப் போனாள். “படிப்பு ஏறலீங்” என்ற ஒரு வாக்கியத்தில் எல்லாக் கணக்கும் தீர்ந்தது.

கம்பெனியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அது அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது, கையில் காசும் ஒரு மரியாதையும் கொடுத்தது. ரிசல்ட் வருகிற நாளில் பெயிலான பிள்ளையின் பின்னாலேயே வீட்டார் கிணற்றடிக்கு நடந்த ஊர்கள் இருந்தன. அப்போதெல்லாம் ஒரு பாடம் போனால் செப்டம்பர், அக்டோபரில்தான் தனித்தேர்வு. அதற்குள் கூடப் படித்தவர்கள் பாதி வருஷம் முன்னே போயிருப்பார்கள். அக்கா பள்ளிக்கூடத்தை விட்ட அதே சமயத்தில், 1986இல், சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் ‘சிநேகா’ என்ற தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கினார். தேர்வில் தவறியவர்கள் வருஷத்தை இழக்காமல் உடனே மறுபடி எழுத வழி வேண்டுமென்று வாதாடியவர்களில் அவர் முக்கியமானவர். பிற்பாடு துணைத்தேர்வு வந்தது. எங்கள் தெருவுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தாலும், ஒரு மாதம் கழித்து மறுபடி எழுதச் சொல்லியிருப்பார்களா? கம்பெனி நாளைக்கே வரச் சொல்கிறதே.

நின்றது வயிற்றுவலி மட்டும்தான் என்பது பின்னால் தெரிந்தது. முதல் பிரசவத்துக்குப் பிறகு அக்கா சுவரைப் பார்த்துப் படுத்தாள். குழந்தை அழுதால்கூடத் திரும்பவில்லை. காத்து கருப்பு என்றார்கள், அவினாசிக்குக் கூட்டிப்போனார்கள், கோழி சுற்றினார்கள். எப்படியோ எழுந்து வந்தாள். எழுந்தவள் பவர் டேபிளில் உட்கார்ந்து, பிறகு நாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்து, இன்றைக்கு ஓர் ஓட்டு வீட்டை மெத்தை வீடாக்கியிருக்கிறாள். பில் கணக்கெல்லாம் அவள் மனக்கணக்குத்தான். கால்குலேட்டர் வைத்திருக்கும் மெர்ச்சண்டைசர் பையன்கள் அவளிடம் வந்து சரிபார்த்துக்கொண்டு போவார்கள்.

போன வருஷம் ஒரு ராத்திரி போன் செய்தாள். பேத்தி, அதாவது மகளுடைய மகள், ஒன்பதாவது படிக்கிறாள். அவினாசி ரோட்டில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம். அப்பா கட்டிங் மாஸ்டர், அம்மா செக்கிங். இரண்டு பேரும் ஒன்றரை ஷிப்ட் பார்த்துத்தான் பீஸ் கட்டுகிறார்கள். “காலைல தல வலிக்குதுங்கறா. ஞாயித்துக்கெழம வலிக்கறதில்ல. எனக்கு வந்ததுதான் புள்ள இவளுக்கும் வந்துருக்குது.”

ஊர் மாறியிருந்தது. பட்டறைச் சத்தம் குறைந்துவிட்டது. பேர் வெட்ட மின்சாரப் பேனா வந்து, அதைக் கேட்பவர்களும் அருகிவிட்டார்கள். பள்ளிக்கூடப் பரிசு பிளாஸ்டிக் கோப்பை. 2017இல், பக்கத்துக் கோபிச்செட்டிபாளையத்துச் செங்கோட்டையன் கல்வி அமைச்சராக இருந்தபோது, பொதுத்தேர்வு முடிவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை எடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் ரிசல்ட் வந்த மறுநாள் மார்க்கும் போட்டோவுமாகப் பள்ளிக்கூடங்கள் வைக்கிற பிளெக்ஸை யார் எடுப்பது? புஷ்பா தியேட்டர் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளை அதைத் தினமும் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

எனக்கு இன்னும் பெரிதாகப் பட்ட மாற்றம் வேறு. பேத்தியின் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அவள் அம்மா சொன்னாள்: “படிக்கலீனா கைமடிக்குத்தான் போகோணும், பாத்துக்க.” அக்காவுக்கு ஒதுங்கிக்கொள்ள இடம் கொடுத்த அதே கம்பெனி, இந்தப் பிள்ளையை மிரட்டுகிற பூச்சாண்டியாகிவிட்டது. அந்த அம்மாவைச் சொல்லியும் குற்றமில்லை. காலையிலிருந்து நின்றுகொண்டே துணியில் ஓட்டை தேடுகிறவள், மகள் அங்கே வரக்கூடாது என்று நினைக்க மாட்டாளா? ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஒவ்வொரு வகுப்புத் தேர்வும் அம்மாவின் வீங்கிய காலோடு சேர்ந்துதான் வருகிறது.

அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபரில் வந்தது. நான்தான் அக்காவுக்குச் சொன்னேன். அவள் 14417ஐ அழுத்திவிட்டாள். அது பள்ளிக்கல்வித் துறையின் வழிகாட்டி எண். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சரியான எண்ணைச் சொன்னாராம். “ரெண்டு பேருமே மரியாதையாப் பேசுனாங்க புள்ள, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க” என்று அவளுக்கு ஆச்சரியம்.

திருப்பூர்ப் பெரியாஸ்பத்திரி இப்போது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 மருத்துவக் கல்லூரிகளில் இதுவும் ஒன்று. தாராபுரம் ரோட்டில் அந்த வரிசையில் நாங்கள் நின்றோம். மனநலப் பிரிவு என்ற பலகைக்குக் கீழே நிற்கக் கூச்சப்பட்டு, பேத்தியின் அம்மா துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டாள். அக்கா நிமிர்ந்து நின்றாள். டாக்டரம்மா முதலில் பிள்ளையிடம் மட்டும் தனியாகப் பேசினார், பிறகு எங்களைக் கூப்பிட்டார். பயமும் மனச்சோர்வும் சேர்ந்திருக்கின்றன, தூக்கம் கெட்டிருக்கிறது, நடிப்பில்லை, வலி உண்மையான வலிதான் என்றார். ஒரு விஷயத்தைப் படிக்கவும் யோசிக்கவும் மனசுக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும் இடம் கொஞ்சம்தான் என்றும், கவலை அதை அடைத்துக்கொண்டால் படித்தது உள்ளே போகாது, போனதும் கேட்ட நேரத்தில் வெளியே வராது என்றும் விளக்கினார். மகளும் மாப்பிள்ளையும் புரியாமல் விழித்தார்கள்.

அக்கா அவர்களிடம் திரும்பினாள். “எட்டு டேபிள் போட்ட கம்பெனின்னு வெய்யி. ஆறு டேபிள்ல பயம் தெச்சுக்கிட்டு இருக்குது. மிச்சம் ரெண்டுல கணக்குங் கொண்டா, இங்கிலீசுங் கொண்டா, டெலிவரி என்னாச்சுன்னா எப்பிடி?” டாக்டரம்மா சிரித்துவிட்டு, இதை நான் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோவொரு மனநலச் சிக்கல் இருப்பது தெரிந்தது. நாற்பது பேர் வகுப்பில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளலாம். 2022இல் என்.சி.இ.ஆர்.டி. நாடு முழுக்க 3,79,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டபோது, தங்கள் பதற்றத்துக்குப் படிப்பும் பரீட்சையும் ரிசல்ட்டும் காரணம் என்றவர்கள் 81 சதவீதம். இந்த எண்களைப் படித்தபோது எனக்கு எங்கள் வகுப்பின் பெஞ்சுகள்தான் கண்ணில் வந்தன. விடைத்தாள் நனைந்தவன், மூச்சுத் திணறியவள். அடுத்த பெஞ்சில் யார் என்று எண்ணிக்கொண்டு போக முடிந்தது.

டாக்டரம்மா கொடுத்த யோசனைகளில் ஒன்று அக்காவை உலுக்கிவிட்டது. லீவு போட்டு வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். பயந்த இடத்துக்குப் போகாமல் இருக்க இருக்கப் பயம் வளரும். அரை நாளாவது போகட்டும், முடியாவிட்டால் வாசல்வரை போய்த் திரும்பட்டும், மறுநாள் இன்னும் கொஞ்சம் உள்ளே போகட்டும், கூட ஒருத்தர் போங்கள். வெளியே வந்து காண்டீனில் டீ குடிக்கும்போது அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “நானும் வாசல் வரைக்கும் போனேன்தான? மறுக்கா ஒருக்காக் கூட்டிட்டுப் போயிருந்தாப் போதுமாட்ட இருக்குது” என்றாள். அழவில்லை. டீக்கு அவளே காசு கொடுத்தாள்.

பள்ளிக்கூடத்தில் பேசப் போனபோது முதலில் முகம் சுளித்தார்கள். அக்கா நகரவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள்: கதவோரப் பெஞ்ச், தேவைப்பட்டால் ஐந்து நிமிஷம் வெளியே போய்வர அனுமதி, வகுப்பில் மார்க்கை உரக்க வாசிக்காமல் பேப்பரைக் கையில் கொடுப்பது. காசு செலவாகாத காரியங்கள். முதல் வாரங்களில் தினமும் பேத்தியை நடத்திக் கூட்டிப்போனது அக்காதான். மாத்திரை சின்ன அளவில் தொடங்கியது. வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தும், நாலாம் நாளே மாப்பிள்ளை, “ஒண்ணும் மாறலீங்களே” என்று ஆரம்பித்தார். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் போன் அலமாரிக்குள். பிள்ளையின் போன் மட்டுமில்லை, வீட்டில் எல்லாருடையதும். மாப்பிள்ளைக்கு அதில்தான் ரொம்ப வருத்தம்.

அரையாண்டில் கணக்கில் ஐம்பத்து மூன்று. முதல் பரிசு வாங்குகிற மார்க் இல்லை. காலாண்டில் அந்தப் பேப்பரில் பேரும் நம்பரும் மட்டும்தான் எழுதியிருந்தாள். முறுக்கு தின்றுகொண்டிருந்த அந்தத் தீபாவளி வாரத்தில், இப்போது பத்தாவது வந்துவிட்ட அவள், பரீட்சையைப் பற்றி ஒன்றும் பேசாமல் யாரோ ஒரு கொரியப் பாட்டுக் குழுவைப் பற்றி எனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாள்.

அன்றைக்குத்தான் மாப்பிள்ளை மெதுவாகப் பேச்சை எடுத்தார். டாக்டரைப் பார்க்கிற நாளில் அரை நாள் கூலி போகிறது, பிள்ளைதான் நன்றாக இருக்கிறாளே, மார்க்கும் வந்துவிட்டது, நாமே மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன என்று. அக்கா முறுக்கு எடுத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“ஏனுங் மாப்பிள்ள, நீங்க கட்டிங் மாஸ்டருங்களா, டாக்டருங்களா?”